ஜன்னலுக்குள் கிடந்த கார்டு

ஊரே வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்த புத்திசாலி நான்.

யுத்த காலம். நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை. ஜப்பான்காரன் இன்றைக்குக் குண்டு போடுவான், நாளைக்குப் போடுவான் என்று மதராஸ் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது எப்படித் தெரியும்? அதே ஜப்பான்காரனுக்குப் பயந்து ரங்கூனில் கப்பலேறி, கல்கத்தாவில் இறங்கி, அகதி முகாமில் குழந்தையின் பேதியோடு ஒன்றரை மாதம் கிடந்து, அப்புறம் ரயிலேறி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறேன். பெட்டிக்குள் இருந்தவர்களை இறங்கக்கூட விடாமல் ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறினார்கள்.

முகாமில் எல்லோரும், “கவலைப்படாதே, சொந்த ஊருக்குப் போகிறாய்” என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தச் சொந்த ஊர்? நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் ரங்கூன். பட்டணம் எனக்கு அயல்தேசத்துத் தலைநகரம். பேசுகிற பாஷை ஒன்று, அவ்வளவுதான். இடுப்பில் இருந்த என் இரண்டு வயது மகளுக்கு அதுவும் பாதிதான். தண்ணீர் வேண்டுமென்றால் பர்மாக்காரி மாதிரி “யே, யே” என்று அழுவாள்.

இந்த ஊரில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு முகவரி. என் புருஷனுடைய அண்ணன் வீடு, மயிலாப்பூரில். நாங்கள் அனுப்பிய கல்யாணப் படத்துக்குப் பதிலாக அவர் அனுப்பிய படத்தில் அந்த அண்ணனைப் பார்த்ததோடு சரி. கப்பலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் இடம் என்றதால் என் புருஷன் ரங்கூனிலேயே நின்றுவிட்டார். “நடந்தாவது வந்துவிடுவேன். நான் எழுதுவதெல்லாம் அண்ணன் வீட்டுக்குத்தான் வரும், நீ அங்கே போய் இரு” என்றார். கப்பலேறுவதற்கு முந்தின நாளே உட்கார்ந்து இரண்டு வெற்றுக் கார்டுகளில் அண்ணன் முகவரியை இங்கிலீஷில் எழுதி என் கையில் கொடுத்திருந்தார். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். “பின்பக்கம் நீ எழுதிக்கோ. முகவரியைத் தமிழில் எழுதினால் கல்கத்தாவில் எவன் படிப்பான்?” என்றார்.

ஒரு கார்டு கப்பலிலேயே நனைந்து கூழாகிப் போனது. இன்னொன்றை எழுதி முகாமில் ஒரு தொண்டரிடம் கொடுத்தேன். தபால்தலை ஒட்டிப் போட்டுவிடுகிறேன் என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். சென்ட்ரலில் என்னை அழைத்துப்போக ஒரு ஈ காக்கை வரவில்லை. படுபாவி, கார்டைப் போடவே இல்லை என்று அந்த மனுஷனை நின்ற இடத்திலேயே வாயாரத் திட்டினேன்.

ஒரு ஜட்கா வண்டிக்காரர் மட்டும் வருவதாகச் சொன்னார். “இன்னாமா நீ, ஊரே வெளியே போய்க்கினு கீது, நீ கொயந்தையத் தூக்கிக்கினு உள்ளே போறேன்றியே?” என்றார். “எனக்குப் போக வேறே இடம் இல்லை, ஐயா” என்றேன். பெட்டியை வாங்கி வண்டிக்குள் வைத்தார்.

மவுண்ட் ரோடு முழுக்க எதிரே வண்டிகள். கட்டில், பாய், கோழிக்கூண்டு. ஒரு வண்டியில் ஆட்டுக்கல்கூடப் போனது. ஜப்பான்காரன் வந்து இட்லிக்கா அரைக்கப் போகிறான்? குண்டு விழுந்தால் சிதறாமல் இருக்கக் கடைக் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ரங்கூனில் நாங்களும் இப்படித்தான் ஒட்டினோம். கண்ணாடி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

மயிலாப்பூர்க் கோயில் கோபுரத்தருகே இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. ரங்கூனில் தெருவுக்கு நம்பர் உண்டு. ஐம்பதாம் தெரு என்றால் நாற்பத்தொன்பதுக்கு அடுத்தது, குருடன்கூட வந்து சேருவான். இங்கே ஒரு கிழவரிடம் “இது எத்தனையாவது தெரு?” என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். எனக்குத் தெரிந்த வழி என் புருஷன் சொன்னதுதான்: குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே இரண்டாவது சந்து, பச்சைக் கதவு, வாசலில் பவழமல்லி. ஆண்பிள்ளைகள் வழி சொல்கிற லட்சணம் இதுதான். குளத்துக்கு நாலு கரை இருக்கிறதே, எந்தக் கரை என்று சொன்னாரா?

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நாலு கரையும் சுற்றினேன். தலையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டுக்கு வீடு பூட்டு. அவ்வளவு பெரிய கோயில் குளத்தின் படியில் ஒரு ஆள் இல்லை. பட்டணத்தை எனக்கு இப்படித்தான் தெரியும். மற்றவர்கள் கூட்டம், இரைச்சல் என்று சொல்லும்போது வேறு ஏதோ ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

மூன்றாவது கரையில் பவழமல்லி கிடைத்தது. பச்சைக் கதவு கிடைத்தது. அதில் என் கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்துக்கோடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. ஒரு பாயம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். மூன்று தலைமுறையாக அதே சந்து. “அவங்க போய் எட்டு நாளாச்சும்மா. ஆபீஸையே வெளியூருக்கு மாத்திட்டாங்களாம். எந்த ஊர்னு சொல்லலையே” என்றார். “நீங்க போகலையா?” என்று கேட்டேன். “எங்கே போறது? நமக்கு ஊர்னா இதுதான்” என்றார்.

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது ஜன்னல் கதவு ஒன்று கொக்கி மாட்டாமல் இருப்பதைப் பார்த்தேன். தள்ளினேன். உள்ளே ஒரு நாற்காலி, சுவரில் காலண்டர். எதிர்ச் சுவரோரம், சிவப்புத் தரையில், ஒரு கார்டு. தபால்காரர் கம்பி வழியாக வீசியிருக்க வேண்டும். முகவரிப் பக்கம் மேலே இருந்தது.

என் புருஷன் கையெழுத்து.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மயிலாப்பூரின் முதல் எழுத்தை அவர் இழுத்து வளைத்துப் போடுவது தெரியும். “எழுதிட்டார்! பாயம்மா, எழுதிட்டார், உயிரோட இருக்கார்!” என்று கத்தினேன். உள்ளே கையை விட்டேன், தோள்வரை விட்டேன். எட்டுமா? வளையல் உடைந்ததுதான் மிச்சம். பூட்டை உடைக்கலாம் என்றேன். மற்றவர் வீட்டுப் பூட்டைத் தொட்டால் நாளைக்குப் பழி யார் மேலே விழும் என்று, என் கத்தலைக் கேட்டு வந்திருந்த தையல்கார பாய் தயங்கினார். அதுவும் நியாயம்தான்.

பாய் அளக்கிற கஜக்கோலைக் கொண்டுவந்தார். எட்டவில்லை. அதன் நுனியில் ஒட்டடைக் கம்பைக் கட்டினார். பாயம்மா சோற்றைப் பிசைந்து முனையில் அப்பினார். முதல் தடவை கார்டு ஒட்டிக்கொண்டு பாதி வழியில் விழுந்தது. இரண்டாம் தடவை நாற்காலிக் காலுக்குப் பின்னால் போய்விட்டது. நான் பிள்ளையாரையும் திட்டினேன், பாயையும் திட்டினேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். மூன்றாம் தடவை கம்பிவரை வந்தது. பிடித்து இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம்தான் திருப்பினேன்.

“மூத்தவருக்கு நமஸ்காரம். நானும் குழந்தையும் சித்திரை பிறந்ததும் ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வரவும். அவரிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா?”

தமிழ். என் கோணல் எழுத்து. என் கார்டு. அந்தத் தொண்டர், பாவம், ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்.

அவரிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா? நான் கேட்ட கேள்வி, பதில் சொல்ல ஆளில்லாமல் தரையில் கிடந்து என்னிடமே வந்து சேர்ந்தது. நான் அழவில்லை. பாயம்மாதான் அழுதார். குழந்தை “யே” என்றாள், என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, அதே கார்டின் அடியில் எழுதினேன்: “வந்துவிட்டேன். சந்துக்கோடி தையல்கார பாய் வீட்டில் இருக்கிறேன்.” மறுபடி ஜன்னல் வழியாகப் போட்டேன். முகவரிப் பக்கம் மேலே இருக்கும்படி கஜக்கோலால் திருப்பினேன். அவர் நடந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால், தன் எழுத்து தனக்குத் தெரியாமலா போகும்?

பாயம்மா வீட்டில் ஆவணி வரை இருந்தேன். காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் கற்றுக்கொண்டேன். தினம் காலையில் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். தபால்காரர் வேறொரு கார்டும் வீசவில்லை.

ஒரு நாள் பச்சைக் கதவு வாசலில் வண்டிச் சத்தம். படத்தில் பார்த்த முகம், சாவியோடு நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி நான் யாரென்று சொன்னேன். “நீயா அம்மா! தம்பி எங்கே?” என்றார். “பின்னால வர்றார்” என்றேன். நாலு மாதமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் பூட்டைத் திறந்து உள்ளே போனார். அடுத்த நொடி ஓடி வந்தார், கையில் கார்டு, முகமெல்லாம் பூரிப்பு.

“அம்மா, இதோ பார், தம்பி எழுதியிருக்கான்! அவன் எழுத்து எனக்குத் தெரியாதா!” என்று கூவினார். இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.