டைல்ஸ் சுவரில் சாமிப் படம்

அன்று காலை கடையில் அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். அத்தான் இல்லை. சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிப்டு. சுவர் துளைக்கும் டிரில் பிட்டுகள் இருந்த பெட்டியும் அவருடைய காரிலேயே போய்விட்டது.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்தில் அக்கா தையல் கடை திறக்கும் நாள் அது. ஆறு வருடம் வீட்டில் ரவிக்கை தைத்துச் சேர்த்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்திருந்தாள். முன்பு சாப்பாட்டுக் கடையாக இருந்த இடம். சுவர் முழுக்க டைல்ஸ். ஒன்று விரிசல் விட்டாலும் முன்பணம் திரும்பாது என்று சாவி கொடுக்கும்போதே உரிமையாளர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கோ, சாமிப் படம் ஏறாமல் தையல் மெஷின் ஓடக்கூடாது. அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும்.

"டபுள் டேப் வச்சு ஒட்டிரலாமா?" என்றாள் அக்கா.

"சாமிய டேப்புலயா ஒட்டுவ? ஷெல்ப் அடிச்சுத்தான் வைக்கணும். படிச்சவன் எதுக்கு நிக்கிறான்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். டிப்ளோமா முடித்து மாக் மண்டினில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை. அதனால் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

பட்டறையிலிருந்து பேட்டரி டிரில்லோடு கோபால்ட் பிட் ஒன்றும் இரவல் கொண்டுவந்திருந்தேன். துருப்பிடிக்காத எஃகையே துளைக்கும் பிட். டைல்ஸ் எம்மாத்திரம் என்று நினைத்தேன். வைத்து அழுத்தினேன். கீச்சென்ற சத்தம், கருகிய வாடை. எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலம் பூத்து மழுங்கியிருந்தது. டைல்ஸில் கடுகளவு கீறல்தான்.

அக்கா விரலால் அந்தக் கீறலைத் தடவினாள். "தம்பி, வேணாம்லா. உடைஞ்சிருச்சுன்னா எங்கிட்ட வேற காசில்ல."

"உடையாதுக்கா. அது இரும்புக்கு உள்ள பிட்டு. நான்தான் தப்பா எடுத்துட்டேன். பத்து நிமிஷம் குடு."

அடுத்த தெருவின் ஹார்ட்வேர் கடைக்கு ஓடினேன். ஓடும்போதே எல்லாம் தெளிவாகிவிட்டது. எஃகைச் சீவி எடுக்க வேண்டும்; டைல்ஸின் பளபளப்பான மேற்பூச்சைச் சுரண்டித்தான் திறக்க முடியும். அதற்கு ஈட்டி முனை பிட். உள்ளே பழைய செங்கல். அதற்குத் தனியாகச் சுவர் பிட். கடைக்காரர் பத்துப் பிட் அடங்கிய பெட்டியை நீட்டினார். இரண்டே போதும் என்று அளவு சொல்லி வாங்கினேன்.

குறியிட்ட இடத்தில் பிட் வழுக்காமல் இருக்கக் காகித டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். சுத்தியல் மாதிரி இடிக்கும் விசையை அணைத்து, வேகத்தையும் குறைத்தேன்.

"பிட்டு சூடாகக்கூடாது. தண்ணி வேணும், சொட்டுச் சொட்டா."

கடையில் இன்னும் குழாய்த் தண்ணீர் வரவில்லை. இருந்தது பூஜைச் செம்பில் மட்டும். அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"ஊத்து. அவருக்கு உக்கார இடம்தானே பண்றோம்," என்றார் அம்மா.

அக்கா சின்னக் கரண்டியால் தண்ணீர் சொட்ட, நான் மெல்ல அழுத்தினேன். வெள்ளைக் குழம்பு வழிந்தது. திடீரென்று பிட் இலகுவாக உள்ளே போனது; அங்கேயே நிறுத்தினேன். டேப்பை உரித்தேன். வட்டமான ஓட்டை, ஒரு விரிசல் இல்லை.

சுவர் பிட்டை மாட்டித் துளைத்ததும் சிவப்புத் தூள் கொட்டியது.

"இப்பவாச்சும் இடிக்கிற சுவிட்ச போடேன், நேரமாவுது," என்றார் அம்மா.

"பழைய செங்கல்மா, மாவாட்டம் இருக்கு. இடிச்சா பொந்தாயிரும்."

இரண்டாவது ஓட்டையையும் அதே மாதிரி போட்டேன். பத்து இருபதுக்கு ஷெல்ப் ஏறியது, படம் ஏறியது, சூடம் எரிந்தது. அக்கா எல்லா டைல்ஸையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தாள்.

"கோபால்ட்டு எவ்ளோடா?" என்றாள் முதல் தையல் ஓடும்போது.

மழுங்கியதற்குப் பதிலாகப் பட்டறைக்குப் பிறகு புதிதாக வாங்கிக் கொடுத்தது இருபத்தாறு வெள்ளி. மற்ற இரண்டு பிட்டும் பதின்மூன்று ஐம்பது. முன்பணம் அப்படியே இருக்க, எங்களுக்கு ஆன செலவு முப்பத்தொன்பது வெள்ளி ஐம்பது காசு.