எதிர்ச்சுவரைத் தேடிப் போனது

பத்து வயதில் என் நீச்சல் மீது எனக்கிருந்த நம்பிக்கை, இன்று எனக்கு எதன் மீதும் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அங்கே மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றில் குதித்து, பத்துக் கை போட்டு எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். பார்த்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. பார்த்தவை பெரும்பாலும் ஆடுகள்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். நாடெல்லாம் வெடித்து ஓய்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக்கு லீவு. அப்படி ஒரு லீவில், நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த சித்தப்பா வேன் பிடித்து எங்களை வேம்பார் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் ஐந்து பேர்: நான், என் மூன்று அண்ணன்மார், மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை மகன். மேற்பார்வைக்கு அம்மா.

மணலில் இறங்கியதும் சித்தப்பா எங்களை வரிசையாக நிறுத்தினார்.

“ஒரு நேரத்துல நாலு பேருதான். அஞ்சாவது ஆளு வெளிய நிக்கணும். இடுப்புக்கு மேல தண்ணி ஏறக்கூடாது. ஒருத்தர ஒருத்தர் தள்ளக்கூடாது. நான் கைதட்டுனா, என்ன ஏதுன்னு கேக்காம வெளிய வந்துரணும்.”

“தம்பி, இது கடலு. உங்க கம்பெனி இல்ல” என்றாள் அம்மா.

“ரெண்டும் ஒண்ணுதான் மதினி. நம்ம அசந்த நேரந்தான் அதுக்கு நல்ல நேரம்.”

பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். அதைக் கடலுக்கும் நீட்டிய முதல் ஆள் எங்கள் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஐந்தாவது ஆள் நான்.

“ஏ பிள்ள, செருப்பப் பத்திரமாப் பாத்துக்க” என்று தண்ணீருக்குள் நின்று கத்தினான் அத்தை மகன். “கெணத்துல நீந்துறவுகளுக்கு அம்புட்டுதான் வேல.”

என் முறை வந்தபோது இடுப்பளவுத் தண்ணீர் எனக்கு அவமானமாகப்பட்டது. நீச்சல் என்றால் என்ன என்று மதுரைக்கு இன்று காட்டிவிடுவது என்று முடிவுசெய்து, தலையைக் கவிழ்த்துக் கைபோட ஆரம்பித்தேன். ஒன்பது, பத்து. வழக்கம்போல் கையை நீட்டினேன். சுவர் இல்லை. இன்னும் ஐந்து போட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், எதிர்ச்சுவர் இலங்கையில் இருந்தது.

பின்னால் கைதட்டல் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

திரும்பி நீந்தினேன். கரை வரவில்லை. இன்னும் வேகமாகப் போட்டேன். கரை இன்னும் தள்ளிப் போனது. கிணறு ஒருநாளும் இப்படி நடந்துகொண்டதில்லை. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனது. முதல்முறையாகப் பயம் வந்தது.

கொஞ்ச தூரத்தில் வள்ளத்தில் இருந்த மீன்காரர் ஒருவர் குரல் கொடுத்தார்.

“நேரா வராத பிள்ள. இழுக்குற தண்ணியோட மல்லுக்கட்டாத. கரைய ஒட்டுனாப்புல குறுக்க நீந்து. பெறகு உள்ள வா.”

அவர் சொன்னபடி பக்கவாட்டில் நீந்தினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு விட்டது. அலை என்னைக் கரைப்பக்கம் தள்ள ஆரம்பித்தது. இன்னும் கால் எட்டவில்லை, அதற்குள் யாரோ என் சடையைப் பிடித்தார்கள். சித்தப்பா. சட்டை, வேட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் தாடை முட்டும் தண்ணீரில், மழை வருமா என்று பார்ப்பவர்போல் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அடிக்கவில்லை. கரைக்கு இழுத்துவந்து, “எல்லாரும் வேன்ல ஏறுங்க” என்று மட்டும் சொன்னார். அண்ணன்மாருக்கு என்மேல் கோபம். எனக்குச் சித்தப்பாமேல் கோபம்.

“நானே நீந்தி வந்துட்டேன். அவுகள யாரு உள்ள வரச் சொன்னா?” என்று அம்மாவிடம் புலம்பினேன்.

அம்மா வேன் ஜன்னல் வழியாகச் சித்தப்பாவின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியவர இன்னும் ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும், தன்னந்தனியாகக் கடலை ஜெயித்து வந்த என்னைச் சடையைப் பிடித்து இழுத்துக் கெடுத்தவர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.