பை எங்கடை, சட்டை ஆற்றை?

திருகோணமலையில் என்னைவிடப் பெரிய மடையன் இருந்தால் சொல்லுங்கள், கைகுலுக்க வேண்டும்.

என் பிறந்தநாளுக்கு மனைவியின் தம்பி ஒரு சட்டை தந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய புது வீட்டுக் குடிபூரலுக்கு அதைத்தான் போட வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. ஆனால் என் வயிற்றில் பொத்தான் பூட்ட முடியவில்லை. சட்டை வந்த பையில் கடற்கரைப் பக்கக் கடையொன்றின் பெயர் இருந்ததால் அங்கே போனேன்.

"பில் இல்லாமல் மாத்த ஏலாது, அண்ணை" என்றார் முதலாளி.

"பரிசுக்கு ஆரப்பா பில் தாறது? இது உங்கடை பைதானே!" என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தேன். சனமும் கூடிவிட்டது.

அவர் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினார். அதில் வேறொரு கடையின் பெயர்!

"ஓம் அண்ணை, பை எங்கடைதான். சட்டை ஆற்றை? ஆர் வித்தது?"

நல்ல பைகளை மடித்து மெத்தைக்குக் கீழே சேர்க்கும் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். அதை மறந்துபோனேன்.

குடிபூரலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே சட்டையோடு போனேன். இப்போது யாருக்குப் பரிசு கொடுத்தாலும் பில்லையும் உள்ளே வைத்துவிடுகிறேன். முதலில் மைத்துனருக்குத்தான் அப்படி ஒரு சட்டை கொடுத்தேன். அவர் சட்டையை விட்டுவிட்டுப் பில்லை எடுத்து விலையைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ, அத்தான்?"