அச்சுக்கு வைத்த பொட்டு

கிரீஸ் கருகுகிற நாற்றம் எங்காவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அந்த வாய்க்கால் கரைதான் கண்முன் வருகிறது. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்போது எனக்குப் பத்து வயது. குறுவை அறுத்து, வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடவேண்டிய நெல்லை மூட்டை கட்டி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அப்பா வாய்க்கால் கரையோடு டிராக்டரை ஓட்டிவர, மூட்டைகளின்மேல் நான் மகாராணியாட்டம் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கிறீச்சென்று ஒரு சத்தம், அந்த நாற்றம். டிரெய்லரின் வலது சக்கரம் சாய்ந்து வண்டி நின்றுவிட்டது. கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

மெக்கானிக் ஆரோக்கியம் மாமா வந்தார். மூட்டைகளைக் கரையில் இறக்கி, ஈரமண்ணில் "ஜாக்கி" புதையாமல் பனங்கட்டை கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினால், அச்சின் முனை தேய்ந்து நூலாகிக் கிடந்தது. முழு அச்சையும் மாற்றியாக வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் அனுப்பிவிட்டு, சக்கரத்து மூடியைத் திருப்பிப் பார்த்தவர் கத்தினார்.

"அடப்பாவமே! கிரீஸ வழிச்சுட்டு உள்ள சந்தனம் பூசி வச்சிருக்கு! பொட்டு வேற! யாருங்க இது?"

யார்? நான்தான். முந்தின வாரம் ஆயுத பூசைக்கு, "ஒரு அழுக்கில்லாம தொடச்சு வை" என்று அம்மா சொன்னதை அப்படியே கேட்டு, மூடியை நெம்பி, உள்ளே அப்பியிருந்த கறுப்பையெல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்த கெட்டிக்காரி. அந்தக் கறுப்பில்தான் சக்கரம் ஓடுகிறது என்று யார் கண்டார்கள்?

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். "நான்தான் ஆரோக்கியம். ஏதோ நெனப்புல பண்ணிட்டேன்" என்றார்.

"நல்லா பண்ணீங்க போங்க! அச்சுக்கே அலங்காரமா?"

புது அச்சைப் பொருத்தி போல்ட்டை முறுக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படுதாவுக்கு அடங்காத மூட்டைகள் நனைந்து, நெல் முளைவிட்டுப்போனது. நனைந்த மூட்டைகள் தீர்கிற தை வரைக்கும் சோற்றில் ஒரு மக்கல் வாடை. அப்பா முகம் சுளிக்காமல், "நல்லாத்தானே இருக்கு" என்று சாப்பிடுவார். நானோ அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே சாப்பிடுவேன். "பொட்டுக்காரர்" என்று ஆரோக்கியம் மாமா ஓயாமல் கேலி பண்ண, அப்பாவுக்குக் கடைத்தெருவில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். உண்மையைச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

டிரெய்லர் இப்போது இல்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த ஆரோக்கியம் மாமாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்: "மாமா, அந்தப் பொட்ட வச்சது நான்."

"தெரியும்மா" என்றார். "சந்தனத்துல பதிஞ்சிருந்த வெரலு இத்துனூண்டு. உங்கப்பா கையி எம்மாம் பெருசு!"

"அப்புறம் ஏன் மாமா இத்தனை வருஷமா அவரைக் கேலி பண்ணீங்க?"

"நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருமேம்மா."