ஆயுத பூஜைக்கு மறுநாள் செத்துப்போன தொட்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பிளான்ட்டுக்குள் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். காற்றுத் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. அப்படியொரு நாற்றம்! முதல் வேலையாகத் தண்ணீர் வெளியே போகும் வால்வை மூடினேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கழிவுநீர் பிளான்ட் கெமிஸ்டாக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, தொட்டி என்பது வெறும் சிமென்ட் குழி இல்லை. அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் உள்ளே குடியிருக்கின்றன. அவற்றுக்கு மூச்சு, புளோயர் மோட்டார் அடிக்கும் காற்று. புளோயர் நின்றால் எல்லாம் காலி.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட லீவு. பிளான்ட்டுக்கு ஆள் வைக்கும் கான்ட்ராக்டர் அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"மோட்டார நிறுத்திட்டு பொரி தின்னுகினு உக்காந்திருப்பா மேடம். நாளையிலேர்ந்து வேற ஆள் போட்டுடறேன்."

அவர் சொன்னது ஆபரேட்டர் தமிழரசியை. பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண், கான்ட்ராக்ட் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"நிறுத்தவே இல்லீங்க மேடம். ஓடிக்கினு இருக்கறப்பவே கவர் மேல பொட்டு வச்சேன். என் புள்ளைங்க மேல சத்தியம்!" என்று அழுதாள்.

விசாரிக்காமலே வேலையைப் பறிக்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு நாள் பொறுங்க" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, கழிவுநீர் முதலில் வந்து சேரும் இடத்துக்குப் போனேன். அங்கே உள்ள கம்பி வலையில் வழக்கமாகப் பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் மாட்டும். அன்றைக்கு ஊசி மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகள் கொத்தாகக் கிடந்தன. குனிந்தால், சாக்கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாசனை! அடிச்சக்கை! நேரே பார்மசிக்கு ஓடினேன்.

வாழைக்கன்று கட்டிய வாசலில் பார்மசி இன்சார்ஜ் கல்பனா பெருமையாக நின்றிருந்தாள். அலமாரிகள் பளபளத்தன.

"பூஜைக்கு எல்லாத்தையும் ஒழிச்சிட்டோம்க்கா. வார்டுல மிஞ்சின ஆன்டிபயாடிக் சிரப்பு, டேட் முடிஞ்ச ஊசி மருந்து, எல்லாம் சிங்க்குல ஊத்தியாச்சு. பாட்டில மட்டும் கழுவி, கண்ணாடிக்குன்னு இருக்கற நீலப் பெட்டியில போட்டோம். கரெக்டா பிரிச்சிருக்கோம்ல?"

"நல்லா பிரிச்சே போ! பாக்டீரியாவக் கொல்ற மருந்த என் பாக்டீரியாவுக்கே ஊட்டிட்டியே தாயி!"

கல்பனா தப்பை ஒப்புக்கொண்டாள். ஆனால் என் வாய்ச்சொல் போதாது, கான்ட்ராக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். தெரிந்த பிளான்ட் ஒன்றிலிருந்து, பாக்டீரியாக்கள் உயிரோடிருக்கும் சகதி வாங்கி வந்து இரண்டு வாளிகளில் ஊற்றினேன். ஒன்றில் ஊழியர் குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சாதாரணக் கழிவுநீர், இன்னொன்றில் அந்த ஆரஞ்சுத் தண்ணீர். இரண்டுக்கும் மீன்தொட்டி மோட்டார் வைத்து ஒரே மாதிரி காற்று விட்டேன்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிக் கூட்டம். முதல் வாளித் துளியில் ஒரே கும்மாளம். நெளிவதும் சுழல்வதுமாகத் திருவிழாதான். இரண்டாவதில் ஈ காக்கை இல்லை.

"காத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார்! செத்தது மருந்துல!" என்று கத்தியேவிட்டேன்.

ஆஸ்பத்திரி மேனேஜர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு வேலையில கை வைக்காதீங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தமிழரசியும் குதிப்பாள் என்று பார்த்தால், அவள் முகம் மாறவில்லை.

"மேடம், நீங்க வால்வ மூடறதுக்கு முன்னாடி போன தண்ணி எங்க ஊரு வாய்க்காலுக்குத்தானே போச்சு?"

ஆமாம் என்றேன்.

சிங்க்கில் ஊற்றிய மருந்து அங்கேயே ஒழிந்துவிடாது. வாய்க்காலில் அதற்குத் தப்பிப் பிழைக்கும் கிருமி, மருந்துக்கே பழகிவிடும். நாளைக்கு அந்தக் கிருமியால் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அதே சிரப்பு வேலை செய்யாமல் போகலாம். நான் கற்ற பாடம் அதுதான், கற்றுக்கொடுத்தது அவள் கேள்வி.

பழைய மருந்துக்கென்று பார்மசியில் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. அதில் சேர்வதெல்லாம் எரிக்கும் இடத்துக்குப் போகும். அடுத்த ஆயுத பூஜையன்று தமிழரசி ஓடுகிற புளோயருக்குப் பொட்டு வைத்தாள். பிறகு குங்குமக் கிண்ணத்தோடு பார்மசிக்குப் போய், அந்தப் பெட்டிக்கும் ஒன்று வைத்துவிட்டு வந்தாள்.