பாலைப்பூத் தேனும் சாராயப் போத்தல்களும்

இன்று காலை எங்கள் ஒழுங்கையால் ஒரு முச்சக்கர வண்டி போனது. "பழைய இரும்பு, பேப்பர், போத்தல்" என்று பதிவு செய்த குரல் ஒன்று ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. பின் ஆசனத்தில் சாக்கு நிறையப் போத்தல்கள். வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. பல் துலக்கிக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். வண்டி பள்ளிவாசல் பக்கம் திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் போகவில்லை. ஏதோ ஒரு மத்தியான வெயிலுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எங்கள் வீட்டில் ஒருகாலத்தில் ஓர் அறை நிறையச் சாராயப் போத்தல்கள் இருந்தன. வீடு என்றால் என் மனைவி றாஹிலாவின் வீடு. சாய்ந்தமருதில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு போய்ச் சேருகிறவன். அந்த வீட்டின் தலைவர், அதாவது என் மாமா, பள்ளிவாசல் நிருவாகம் பார்க்கும் மரைக்கார். அப்படிப்பட்டவருடைய வீட்டில் எப்படி இவ்வளவு போத்தல் என்று ஊருக்குப் புதிதாக வந்த யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். தேன் என்றாலே சாராயப் போத்தலில்தான் வரும். தடித்த கண்ணாடி, இறுக்கமான மூடி, தேனுக்கு அதைவிடத் தோதான வேறு பாத்திரம் அந்நாளில் கிடையாது. சாம்பலும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, முற்றத்து மதிலில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். வெயில் ஏற ஏற மதில் முழுக்கப் பச்சையும் தவிட்டு நிறமுமாய் ஒளி ஒழுகும். மாமா மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு போவார்.

இந்தத் தேன் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், ஏமாந்ததால்தான். கல்யாணமான புதிது. திருக்கோவிலில் ஓர் அரச அலுவலகத்தில் லிகிதர் வேலை. பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் பெரிய தகரம் நிறையத் தேன் வைத்துக்கொண்டு நின்றான். மேலே செத்த தேனீக்கள் வேறு மிதந்தன. அந்தத் தேனீக்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இருந்தாலும் படித்தவன் அல்லவா? ஒரு துளியைத் தண்ணீரில் விட்டேன். கரையாமல் அடியில் போய் இருந்தது. நெருப்புக்குச்சியைத் தோய்த்துக் கிழித்தேன், பற்றியது. தகரத்தோடு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, காரைதீவு தாண்டும்வரை அதை அணைத்துக்கொண்டே வந்தேன். புதுப் பெண்சாதிக்குக் கொண்டுபோகும் முதல் பெரிய சாமான்.

றாஹிலா புறங்கையில் ஒரு துளி தொட்டுத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இஞ்சேருங்க, இது பூவக் கண்ட தேனில்ல. சீனிக்கடயக் கண்ட தேன்" என்றாள்.

"அப்ப அந்தத் தேனீ?"

"அதுகள் பாவம். மௌத்தாப் போன பொறகு வேலைக்குச் சேத்திருக்கான்."

அந்தச் சீனிப்பாகு எங்கள் வீட்டில் பல மாதம் இருந்தது. பிளேன்டீக்குப் போட்டுப் போட்டே தீர்த்தோம். ஒவ்வொரு முறையும் மாமா, "மருமகன்ட தேன் கொஞ்சம் போடு மகள்" என்பார், நான் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு றாஹிலா இல்லாமல் நான் தேன் வாங்கியதில்லை. வாங்கியதைப் போத்தலில் அடைத்து வீட்டிலிருந்தே விற்கவும் தொடங்கினோம். அவளுடைய மூக்கைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கண்ணை மூடி ஒருதரம் இழுத்தால் எந்தக் காட்டில் எந்த மரம் பூத்தது என்று சொல்வாள். வீரைத் தேன் கஞ்சி போட்ட மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைப் புதிதாய் விரித்த மாதிரி இருக்குமாம். பாலைத் தேன், நோன்பு காலத்தில் பின்னேர அசர்த் தொழுகை நேரம், அடுத்த வீட்டுக் கஞ்சி கொதிக்கிற மாதிரி. "தேனுக்குள்ள எப்பிடிப் புள்ள கஞ்சி வாசம்?" என்று நான் கேட்பேன். "கஞ்சி வாசமில்ல. அந்த நேரத்துட வாசம்" என்பாள். எனக்கு எல்லாத் தேனும் இனிக்கும். அவ்வளவுதான்.

என் அலுவலகத்தில் யாரோ சொல்லித்தான் விநாயகபுரத்துப் பூமணி அக்காவிடம் போனோம். அவருடைய புருஷன் கடலுக்குப் போகிறவர். ஆனால் கடலைவிடக் காட்டில்தான் அவருக்கு மனம். காடு பூத்துவிட்டால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு மேற்கே போய்விடுவார். கொண்டுவரும் தேனை வடித்து விற்பது பூமணி அக்கா. முதல் நாளே அவருக்கும் றாஹிலாவுக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கிணற்றடியில் குந்திக்கொண்டு புறங்கையை மாறி மாறி மோந்துகொண்டிருப்பார்கள். நான் தென்னை நிழலில் போத்தல் சாக்குக்குக் காவல். கடற்காற்றில் கருவாட்டு வாசம் வரும். எனக்கு அது மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஒருமுறை பூமணி அக்கா ஒரு கான் நிறையத் தேனை வெளியே எடுக்காமல் குசினி மூலையில் ஒளித்து வைத்திருந்தார். றாஹிலா கண்டுவிட்டாள்.

"அது வேணாம் தங்கச்சி. வேப்பம்பூ. கசக்கும். ஒருத்தரும் எடுக்கல்ல."

றாஹிலா நக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது. "இஞ்சேருங்க, எல்லாத்தையும் எடுங்க" என்றாள். நான் தலையில் கைவைத்தேன். கசக்கிற தேனை யார் வாங்குவார்கள்? பஸ் முழுக்க முறுமுறுத்துக்கொண்டே வந்தேன். மாரி தொடங்கியது. ஊரெல்லாம் இருமல். நாட்டு வைத்தியம் பார்க்கும் நிந்தவூர்ப் பரியாரி ஒருவர் இந்தத் தேனைத் தேடி வந்து ஒரு போத்தல் வாங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் குழந்தையைத் தோளில் போட்ட பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எங்கள் மகனுக்கு இருமல் வந்தபோது வீட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

எல்லாம் இப்படி அமைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்குள் எடுத்த தேனைக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று நிறைய வாங்கியதும் நாங்கள்தான். அது றாஹிலாவும் சறுக்கிய இடம். வாசம் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்ப்பிடி அதிகம் என்பதைக் கவனிக்கவில்லை. நோன்பு மாதம் ஒரு பகல், மாமா ஊர்ப் பெரியவர்களோடு விறாந்தையில் இருந்து ஏதோ பள்ளிவாசல் விசயம் கதைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அறையில் "டப்" என்று ஒரு சத்தம். பின்னால் இன்னொன்று. மூடிகள் பறக்கின்றன. புளித்த வாசம் யன்னல் வழியாக மெல்ல மெல்ல விறாந்தைக்கு வருகிறது. பெரியவர் ஒருவர் மூக்கைச் சுளித்து, "என்ன மரைக்கார், கள்ளு வாசம் மாதிரி வருது?" என்றார். மாமா எழுந்து வந்து அறைக் கதவைத் திறந்தார். நுரை தள்ளிக்கொண்டு வரிசையாகச் சாராயப் போத்தல்கள். "யா அல்லாஹ்" என்றவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் முதுகில் ஊர்கிறது. அன்று பின்னேரம் நானும் றாஹிலாவும் அத்தனையையும் தென்னை மரத்தடியில் ஊற்றினோம். அந்தத் தென்னை பிறகு நன்றாகக் காய்த்தது. மாமா அதன் இளநீரைக் கடைசிவரை குடிக்கவில்லை.

இப்போது நான் சொல்லவந்த கதைக்கு வருகிறேன்.

ஒரு வருசம் பாலை பூத்தது. பூத்தது என்று சும்மா சொல்லக்கூடாது. காடே வெளிறிப்போய்க் கிடந்ததாம். பூமணி அக்கா வீட்டில் வைக்க இடமில்லாமல் கான்கள். றாஹிலா புறங்கையை மோந்தாள். அப்படியே கண்ணை மூடியவள் திறக்கவில்லை. தென்னோலை நிழல் அவள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நானும் பூமணி அக்காவும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான ஒரு பகல் வந்ததாக ஞாபகமில்லை.

"என்ன தங்கச்சி?"

"அக்கா, இத வேற ஆருக்கும் குடுக்காதீங்க."

"ஆருக்குக் குடுக்கப் போறன்? முழுக்க உங்களுக்குத்தான். வான் பிடிச்சுக்கிட்டு வாங்க."

அவர் சொன்ன விலை அந்தத் தேனுக்கு விலையே அல்ல. ஊருக்கு வந்து வாடகைக்கு வான் பேசினோம். போத்தல் கழுவினோம். மதில் முழுக்கக் கவிழ்த்து வைத்தோம். அந்தக் கிழமை தமிழர், முஸ்லிம் என்று கலவரம் மூண்டு பாதை பூட்டுப்பட்டது.

எங்கள் பக்கம் ஆட்கள் செத்தார்கள். அவர்கள் பக்கமும் செத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கதை, அவர்கள் ஊரில் ஒரு கதை. நேற்றுவரை ஒரே பஸ்ஸில் இருந்து வந்தவர்களின் பெயரைச் சொல்லவே பயப்பட்டோம். என்னை ஊருக்குப் பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். போத்தல்கள் மதிலிலேயே கிடந்தன. மழை வந்தது, வெயில் வந்தது, மைனாக்கள் வந்து இருந்து போயின. யாரும் எடுக்கவில்லை. சில நாட்களில் சாப்பாட்டுக்கு நடுவில் றாஹிலா கையை நிறுத்திவிட்டு, "பூமணி அக்காட புள்ளைகள் எங்க இரிக்கோ" என்பாள். தேனைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில வேளை தேனையும் நினைத்துக்கொள்வேன்.

வருசங்கள் கழிந்து, பாதைகள் திறந்து, பயம் கொஞ்சம் தெளிந்த பிறகு விநாயகபுரம் போனோம். வேறு யாரோ அந்த வளவில் இருந்தார்கள். பூமணி என்று ஒருவரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் பிள்ளைகளோடு அறுகம்பே பார்க்கப் போனோம். வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடும் பாதையில் ஒரு பெண் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. நான் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். றாஹிலா நகரவில்லை. இளநீர் வெட்டிய அந்தப் புறங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தக் கையத் தாங்க" என்றாள்.

பூமணி அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு பேரும் அழுதார்கள். சுற்றி நின்றவர்கள் இளநீரைக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். மெதுவாக ஒவ்வொன்றாய் வந்தது. ஓடிய அன்று எதையும் எடுக்க முடியவில்லையாம். தேனை மட்டும் வண்டிலில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் எத்தனையோ குடும்பங்கள். மழை. குழந்தைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"கஞ்சிக்குள்ள விட்டுக் குடுத்தன். றொட்டியில தடவிக் குடுத்தன். வேற என்ன இரிந்த? எல்லாப் புள்ளைகளும் உங்கட தேனத்தான் திண்டுச்சுகள் தங்கச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கெண்டு சொன்ன சாமான். மனசு கிடந்து அடிச்சது."

"ஹலாலாக்கிட்டன் அக்கா" என்றாள் றாஹிலா. "அத்தனையும் ஹலால்."

மனமார விட்டுக்கொடுத்துவிட்டேன், இனி அதில் குற்றமில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் பூமணி அக்காவுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தமிழர்களும் அதை அறிவார்கள். தலையை ஆட்டினார். அவருடைய புருஷனைப் பற்றி நான்தான் கேட்டேன். மறு வருசம் தேனெடுக்கப் போனவர் வரவில்லை என்றார். கீழே கிடந்த கத்தியை எடுத்து எங்களுக்கு இன்னோர் இளநீர் வெட்டினார். கைதவறிப் போன வியாபாரம் என்று இத்தனை வருசம் நான் நினைத்திருந்தது அப்படி முடிந்தது. திரும்பி வரும்போது வானுக்குள் எனக்கு ஏனோ வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பூமணி அக்கா இப்போது இல்லை. அவருடைய மகள் சொல்லியனுப்பினாள், போய்வந்தோம். காடும் பழைய காடில்லை, நடுவால் பெரிய தெருக்கள் போகின்றன. கடைகளில் தேன் பிளாஸ்டிக் குப்பியில் வருகிறது, அமுக்கினால் ஒழுகுகிறது. ஊரெல்லாம் காய்ச்சல் வந்து எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த வருசம் றாஹிலாவுக்கும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆள் தப்பிவிட்டாள். மூக்கு திரும்பவில்லை. டொக்டர்மார் வரும் என்றார்கள். வரவில்லை. கறி தீய்ந்தால்கூட நான்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் மகள் பொத்துவிலில் இருந்து காட்டுத் தேன் என்று ஒரு போத்தல் கொண்டுவந்தாள். றாஹிலா பழக்கத்தில் புறங்கையில் தொட்டு மோந்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"இனிப்பு வருது. பூவக் காணல்ல" என்றாள். கையை என் பக்கம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. என்ன பூ?"

அவள் பக்கத்திலேயே இத்தனை காலம் இருந்தும் எனக்கு ஒன்றும் படியவில்லை. மோந்தேன். இனிமையாய் ஏதோ ஒரு வாசம்.

"பாலை எண்டுதான் நினைக்கிறன்" என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். இன்னொரு துளியை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"ஓம்" என்றாள். "பாலையாத்தான் இரிக்கும்."