பஞ்சு தங்காத ஏணி

மதினியின் பிடிவாதத்தை நினைத்தால், பஞ்சு சிக்கெடுக்கும் இயந்திரங்களுக்கு மேலே அருகருகே தொங்கிய, மின்வயர்களைத் தாங்கும் இரண்டு கேபிள் தட்டுகள்தான் முதலில் கண்ணுக்குள் வருகின்றன. ஒன்று, அடியில் தகடு போட்டுச் சிறு துளைகள் குத்தியது. மற்றது ஏணியைப் படுக்கவைத்தது போல, வெறும் குறுக்குச் சட்டங்கள் மட்டும் கொண்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தேனிக்கு வெளியே ஒரு நூற்பாலை புதிய கூடம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, வேறோர் ஆலையில் தகட்டுத் தட்டில் படிந்திருந்த பஞ்சில் பொறி விழுந்து, தீ கேபிளோடு ஓடியது. அணைக்கப் போன என் அண்ணனின் வலது கை வெந்து, விரல்கள் மடங்காமலே போயின. டிப்ளமோ முடித்து சூப்பர்வைசர் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த மதினி, அண்ணன் எடுத்து நடத்திய வயரிங் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான் அவரிடம் வயர்மேன். கடைக்காரர்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம் பேசுவார்கள். பதில் மட்டும் அவரிடமிருந்து வரும்.

புதிய கூடத்தின் வயரிங் வேலை எங்களுக்குக் கிடைத்தபோது, ஆலை முதலாளி தகட்டுத் தட்டுகளையே மலிவாக வாங்கி இறக்கியிருந்தார். அதில் கேபிள் இழுத்துக் கையெழுத்துப் போட முடியாது என்று மதினி சொல்லிவிட்டார். எங்களுக்கு அப்போது வேறு வேலையே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒங்க அண்ணனுக்கு நெதம் சோறு பெசஞ்சு குடுக்குறது நானு தம்பி" என்றார்.

மறுநாள் முதலாளியிடம் ஒரே ஒரு அனுமதி கேட்டார். ஓடிக்கொண்டிருந்த பழைய கூடத்தில் இரண்டு வகைத் தட்டையும் கேபிளோடு தொங்கவிட்டோம். சில நாள் கழித்து முதலாளியையே மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார். தகட்டில் கேபிளே தெரியாதபடி பஞ்சு மெத்தை போட்டிருந்தது. ஏணித் தட்டில் மெல்லிய படலம்தான்.

"இதுலயும் படியுதே" என்றார் முதலாளி.

"படியும் மொதலாளி. ஆனா கொறச்சலாப் படியும், தொடச்சு எடுத்துரலாம். தகட்டுல கேபிளுக்கு அடியில கை போகாது."

"அப்ப வாங்கிப் போட்டத என்ன செய்யச் சொல்றீக?"

"பஞ்சு பறக்காத எடத்துல போட்டுருவோம். ஆபீஸுக்கும் பம்ப் ரூமுக்கும் சரியா வரும்."

அவர் கீழே இறங்கி, வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே, ஏணித் தட்டுக்குச் சொல்லிவிடும்படி கணக்குப்பிள்ளையை அனுப்பினார்.

இன்று போனில் சொன்னால் எந்த வகைத் தட்டும் லாரியில் வந்து இறங்குகிறது. எதற்காக இதைப் போடுகிறோம் என்று கேட்பவர்தான் குறைவு. மதினி ஒவ்வொரு கூடத்திலும் கேட்டார். இங்கே என்ன பறக்கும், எங்கே ஈரம் சொட்டும், எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

புதிய கூடத்துக்கு மின்சாரம் கொடுத்த அன்று அண்ணனையும் அழைத்து வந்திருந்தார். சுவிட்ச் போர்டு முன்னால் முதலாளி, நான், எல்லோரும் நின்றிருக்க, "நீங்க போடுங்க" என்றார் அண்ணனிடம். அவர் இடது கையை நீட்டினார். மதினி தலையசைத்து மறுத்தார். விரல் மடங்காத வலது உள்ளங்கையைச் சுவிட்சின் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, அண்ணன் மேல்நோக்கித் தள்ளினார். இயந்திரங்கள் உருளத் தொடங்கின.